‘ஃப்ளாட் 10%’ உண்மையில் எத்தனை பெர்சன்ட்? கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி ஷீட்டில் பார்க்க வேண்டிய கணக்குகள்



பைக் வாங்கப் போறீங்க. லட்ச ரூபாய் லோன். ஷோரூம்ல மேஜைக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர் கால்குலேட்டரை ரெண்டு தட்டு தட்டிட்டு, “ஃப்ளாட் 10 பெர்சன்ட் தான் தம்பி. மாசம் 5,000, இருபத்தி நாலு மாசம். அவ்வளவுதான்” என்கிறார். சம்பளக் கணக்கு இருக்கிற வங்கியில் கேட்டா, 11 பெர்சன்ட் ரெட்யூசிங் பேலன்ஸ் என்று சொல்றாங்க. 10 பெருசா 11 பெருசா? சின்னப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லிடும். ஆனா இந்த இடத்தில் அந்தப் பதில் தப்பு.

நம்மில் நிறைய பேர் எக்ஸெல் என்றாலே செலவு எழுதும் நோட்டு என்று நினைக்கிறோம். டீ 15, ரீசார்ஜ் 299 என்று பத்து நாள் எழுதுவோம், பதினோராவது நாள் விட்டுடுவோம். எழுதுவது நல்லதுதான், வேண்டாம்னு சொல்லல. ஆனா செலவு ஆன பிறகு எழுதுகிற வரியைவிட, கடனில் கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி போடுகிற ஒரே ஒரு ஃபார்முலா அதிகம் மிச்சப்படுத்தும். அதனால இந்தப் பாடத்தில் கலர், சார்ட், டெம்ப்ளேட் எதுவும் கிடையாது.

ஒரு சின்னக் குறிப்பு. ஃபங்ஷன் பெயர்களை இங்கே உச்சரிப்பில் தமிழில் எழுதியிருக்கிறேன். ஷீட்டில் டைப் செய்யும்போது அதே பெயரை ஆங்கிலத்தில் போடுங்க. எக்ஸெல், கூகுள் ஷீட்ஸ் இரண்டிலும் வேலை செய்யும். ஃபோன்ல இருக்கிற ஆப் கூடப் போதும்.

ரேட் ஃபங்ஷன்: மூணு எண், ஒரு உண்மை

காலி செல் ஒன்றில் இப்படிப் போடுங்க:

=ரேட்(24, -5000, 100000)

முதல் எண் எத்தனை தவணை. இரண்டாவது மாசத் தவணை. மூணாவது உங்க கைக்கு வந்த பணம். தவணைக்கு முன்னாடி மைனஸ் எதுக்கு? நம்ம கைக்கு வருவது பிளஸ், கையை விட்டுப் போவது மைனஸ். கடன், முதலீடு சம்பந்தப்பட்ட எல்லா ஃபங்ஷனுக்கும் இதே விதிதான். மைனஸ் போட மறந்தா பதில் வராது, எரர் வரும்.

எக்ஸெல்லில் பதில் ‘2%’ என்று வந்தா நம்பிடாதீங்க. அது முழு எண்ணுக்குச் சுருக்கிக் காட்டுது. மேலே டெசிமல் கூட்டுகிற பட்டனை இரண்டு தடவை அழுத்துங்க. 1.51% என்று வரும். இது ஒரு மாசத்துக்கு. பன்னிரண்டால் பெருக்கினா வருஷத்துக்கு 18.16%.

பத்து எப்படிப் பதினெட்டு ஆச்சு? ஃப்ளாட் கணக்கில் லட்ச ரூபாய்க்கு இரண்டு வருஷ வட்டி 20,000 என்று முதல் நாளே போட்டுடுறாங்க. ஆனா நீங்க மாசா மாசம் அசலைத் திருப்பிக் கட்டிட்டுதானே இருக்கீங்க? ஒரு வருஷம் முடியும்போது உங்ககிட்ட இருக்கிற கடன் ஏறக்குறைய பாதிதான். வட்டி மட்டும் முழு லட்சத்துக்கும் ஓடிட்டு இருக்கு. ரெட்யூசிங் பேலன்ஸ் என்றால் மீதி இருக்கிற அசலுக்கு மட்டும் வட்டி.

இப்போ வங்கி சொன்ன 11 பெர்சன்ட்டைப் பாருங்க. =பிஎம்டி(11%/12, 24, 100000) போட்டா தவணை ஏறக்குறைய 4,661 ரூபாய் வரும். 5,000-க்கும் இதுக்கும் மாசம் 339 ரூபாய் வித்தியாசம். இருபத்தி நாலு மாசத்தில் 8,100 ரூபாய்க்கு மேல். ‘11’ தான் மலிவு.

கதை இன்னும் முடியல. பிராசஸிங், டாக்குமென்ட், அது இதுன்னு 2,500 ரூபாயை முதலிலேயே பிடிச்சுட்டாங்கன்னு வைங்க. உங்க கைக்கு வந்தது 97,500. தவணை அதே 5,000. மூணாவது எண்ணை மட்டும் மாத்துங்க: =ரேட்(24, -5000, 97500). பன்னிரண்டால் பெருக்கினா 20.8%. 2,500 ரூபாய் பார்க்கச் சின்னத் தொகை. அது வட்டியை இரண்டரை பெர்சன்ட்டுக்கு மேல ஏத்திவிட்டிருக்கு.

இந்த எண்ணைக் கேட்டு வாங்க இப்போ உங்களுக்கு உரிமை இருக்கு. ரிசர்வ் வங்கி 2024 ஏப்ரலில் போட்ட உத்தரவுப்படி, 2024 அக்டோபர் 1 முதல் புதுசா கொடுக்கிற சில்லறைக் கடன்களுக்கு வங்கியும் என்பிஎஃப்சி-யும் ‘கீ ஃபேக்ட்ஸ் ஸ்டேட்மென்ட்’ என்ற தாளைக் கொடுக்கணும். அதில் ஏபிஆர், அதாவது எல்லாக் கட்டணமும் சேர்ந்த வருஷ வட்டி விகிதம், எழுதியிருக்கணும். கடனோடு சேர்த்து இன்சூரன்ஸ் மாதிரி மூன்றாம் தரப்புக் கட்டணம் வசூலித்தா அதுவும் அந்த ஏபிஆர்-க்குள்ள வரணும். தாளில் இருக்கிற எண்ணும் உங்க ஷீட்டில் வந்த எண்ணும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கணும். பெரிய வித்தியாசம் இருந்தா, ஏதோ ஒரு கட்டணம் உங்க கண்ணுக்குத் தப்பியிருக்கு என்று அர்த்தம். கையெழுத்துக்கு முன்னாடி அங்கேயே கேளுங்க. கூச்சப்பட ஒண்ணும் இல்ல, கட்டப்போறது நீங்கதான்.

எண்களைத் தனியா வைங்க

பைக்குக்குத் தவணை மட்டுமா செலவு? திருச்செந்தூரில் வீடு, தூத்துக்குடியில் வேலை என்று வைத்துக்கொள்வோம். போக ஏறக்குறைய 40 கிலோமீட்டர், வர 40. மாசம் 25 நாள். இதை ஃபார்முலாவுக்குள்ளேயே 80*25/50*102 என்று எழுதினா பதில் வரும். ஆனா அடுத்த மாசம் பெட்ரோல் விலை மாறினா எங்கே போய் மாத்துவீங்க? ஆறு மாசம் கழிச்சுப் பார்த்தா அந்த 50 எதைக் குறிக்குதுன்னு உங்களுக்கே ஞாபகம் இருக்காது.

அதனால ஒவ்வொரு அனுமானத்துக்கும் ஒரு செல். பி1-ல் தினசரி கிலோமீட்டர் 80. பி2-ல் நாட்கள் 25. பி3-ல் மைலேஜ் 50. பி4-ல் பெட்ரோல் விலை, 102 என்று வைப்போம். பி5-ல் தவணை 5,000. பக்கத்து ஏ காலத்தில் ஒவ்வொன்றின் பெயர். இந்த ஐந்து செல்லுக்கும் மஞ்சள் அடிச்சுடுங்க. மஞ்சளை மட்டும்தான் கையால மாத்தணும், மத்தது எல்லாம் ஃபார்முலா. கீழே:

=பி1*பி2/பி3*பி4+பி5

9,080 ரூபாய். கையில் வாங்குகிற சம்பளம் 24,000 என்றால் கிட்டத்தட்ட 38 பெர்சன்ட் பைக்குக்கே போகுது. சர்வீஸ், டயர், இன்சூரன்ஸ் இன்னும் சேர்க்கல. இப்போ மைலேஜை 45 ஆக்கிப் பாருங்க. நாட்களை 12 ஆக்கி, மீதி நாள் பஸ்ஸில் போனா என்ன ஆகும் பாருங்க. பைக் வாங்கணுமா வேண்டாமா என்று ஷீட் சொல்லாது. பஸ் ஸ்டாண்டில் நின்னு நின்னு அலுத்துப்போனவருக்கு 9,080 நியாயமான விலையாக இருக்கலாம். எத்தனை ரூபாய்க்கு அந்த நிம்மதியை வாங்குறோம்னு தெரிஞ்சு வாங்கினா போதும்.

செல்லைத் தனியா வைத்தவுடனே அடுத்த சிக்கல் வரும். ஃபார்முலாவைக் கீழே இழுத்தா, பி1 என்று எழுதியது பி2, பி3 என்று தானா நகர்ந்து போகும். நகரக் கூடாத செல்லுக்கு டாலர் குறி போட்டுப் பூட்டணும்: $பி$1. செல் பெயரில் கர்சரை வைத்து எஃப்4 அழுத்தினா தானா விழும். சில லேப்டாப்பில் எஃப்என் பட்டனையும் சேர்த்து அழுத்தணும்.

இதைப் பழக நம்ம கடற்கரைக் கணக்கு ஒண்ணு இருக்கு. தூத்துக்குடிக் கடலில் 1961-க்குப் பிறகு பழைய மாதிரி முத்துக்குளிப்பு நடக்கல. ஆனா முத்து வியாபாரத்தில் விலை போட்ட விதம் சுவாரசியமானது. ‘பேஸ்’ என்று ஒரு அடிப்படை விலை வைத்துக்கொண்டு, எடையை எடையாலேயே பெருக்கி, அதை அடிப்படை விலையால் பெருக்குவாங்க. எடை இரண்டு மடங்கு ஆனா விலை நாலு மடங்கு. பி1-ல் அடிப்படை விலை 100 போடுங்க. ஏ3-லிருந்து கீழே 1, 2, 3, 4 என்று எடை. பி3-ல் =$பி$1*ஏ3*ஏ3 போட்டுக் கீழே இழுங்க. 100, 400, 900, 1,600 என்று வரும். டாலர் குறியை எடுத்துட்டு மறுபடி இழுத்துப் பாருங்க, இரண்டாவது வரியிலேயே 0 வந்து நிற்கும். பூட்டு எதுக்குன்னு இதுக்கு மேல விளக்கம் வேண்டாம்.

ஒரே சீட்டு, ஒருத்தருக்கு 10%, இன்னொருத்தருக்கு 20%

நம்ம பக்கம் சீட்டு போடாத வீடு குறைவு. “சீட்டுல எவ்வளவு வட்டி கிடைக்கும்?” என்று கேட்டா ஆளுக்கு ஒரு பதில் சொல்வாங்க. சரியான பதில், யாருக்கு என்பதைப் பொறுத்தது. இதை ஐஆர்ஆர் ஃபங்ஷன் அழகாக் காட்டும்.

லட்ச ரூபாய் ஏலச்சீட்டு, 20 பேர், 20 மாசம், மாசம் 5,000 என்று எடுத்துக்கொள்வோம். நடத்துறவர் கமிஷன் 5,000. ஏலத்தில் தள்ளுகிற தொகையில் கமிஷன் போக மீதியை 20 பேரும் பிரிச்சுக்கிறாங்க. முதல் மாசம் ஒருத்தர் 25,000 தள்ளி எடுக்கிறார். கமிஷன் போக 20,000. தலைக்கு 1,000 கழிவு. அதனால அந்த மாசம் எல்லாரும் கட்டுவது 4,000. போகப் போகத் தள்ளு குறையும். முதல் 5 மாசம் 4,000, அடுத்த 5 மாசம் 4,250, அடுத்த 5 மாசம் 4,500, அடுத்த 4 மாசம் 4,800, கடைசி மாசம் முழு 5,000. மொத்தம் 87,950.

கடைசி வரை காத்திருந்து எடுப்பவர் கையில் 95,000 வரும். ஒரு காலத்தில் 20 வரிசை போடுங்க. முதல் 19 வரிசையில் கட்டின பணம் மைனஸில். இருபதாவது வரிசையில் 95,000-லிருந்து அந்த மாசம் கட்டின 5,000 போக பிளஸ் 90,000. கீழே =ஐஆர்ஆர் போட்டு அந்த 20 செல்லையும் தேர்ந்தெடுங்க. மாசத்துக்கு 0.84% வரும், வருஷத்துக்கு சுமார் 10%.

முதல் மாசமே எடுத்தவருக்கு இன்னொரு காலம். முதல் வரிசையில் 75,000-லிருந்து 4,000 போக பிளஸ் 71,000. மீதி 19 வரிசையும் மைனஸ். ஐஆர்ஆர் மாசத்துக்கு 1.67%, வருஷத்துக்கு சுமார் 20%. இவருக்கு இது சேமிப்பு இல்ல, கடன்.

ஆஸ்பத்திரிச் செலவுக்கு உடனே பணம் வேணும், வேற வழி இல்ல என்றால் 20% கடன் சில நேரம் தேவைப்படலாம். ஆனா “சீட்டு எடுத்து ஃபோன் வாங்கினேன், வட்டியே இல்ல” என்று சொல்றவருக்கு இந்த இரண்டாவது காலத்தைக் காட்டுங்க. உங்க சீட்டின் கழிவு இந்த உதாரணம் மாதிரி இருக்காது. போன குரூப்பின் மாசவாரித் தொகையைக் கேட்டு வாங்கி அதைப் போட்டுப் பாருங்க.

ஷீட் ஒண்ணை மட்டும் கணக்கில் எடுக்காது: கடைசி மாசம் அந்த 95,000 வருமா என்பதை. கடைசி ஆள் 19 மாசம் மத்தவங்களை நம்பி உட்கார்ந்திருக்கிறார், அதுக்கும் சேர்த்துத்தான் அந்த 10%. 1982-ஆம் வருஷத்து சிட் ஃபண்ட்ஸ் சட்டப்படி பதிவு செய்த சீட்டா என்று பார்த்துட்டுச் சேருங்க. நடத்துறவர் கமிஷனுக்கு அந்தச் சட்டத்தில் முதலில் 5% வரம்பு இருந்தது, 2019 திருத்தத்தில் 7% ஆச்சு. உங்க சீட்டில் 7,000 என்றால் கடைசி ஆளுக்கு 93,000 தான். ஷீட்டில் அதையும் மாத்திப் பாருங்க.

வீட்டுக் கடன் இருக்கிறவங்களுக்கு ஒரு வரி மட்டும். 20 லட்சம், 8.5%, 20 வருஷம் என்றால் தவணை 17,356. இதில் முதல் மாசம் அசலுக்குப் போவது 3,190 தான், மீதி அத்தனையும் வட்டி. மாசம் 2,000 கூடுதலா கட்டினா எத்தனை மாசத்தில் முடியும்? என், பி, இ, ஆர் என்று நாலு எழுத்தில் ஒரு ஃபங்ஷன் இருக்கு. அதில் (8.5%/12, -19356, 2000000) போடுங்க. 186.5 வரும், அதாவது 187 மாசம். 240-க்குப் பதில் 187. வட்டியில் மட்டும் சுமார் ஐந்தரை லட்சம் மிச்சம். தனிநபருக்கான ஃப்ளோட்டிங் ரேட் வீட்டுக் கடனில் முன்கூட்டிக் கட்டுவதற்கு அபராதம் வாங்கக் கூடாது. கூடுதல் தொகையை அசலில் கழிக்கச் சொல்லி எழுதிக் கொடுக்க மட்டும் மறந்துடாதீங்க.

தப்பான எண்ணைப் போட்டாலும் ஷீட் பதில் சொல்லும்

கார்மென் ரெய்ன்ஹார்ட், கென்னத் ரோகாஃப் இரண்டு பேரும் ஹார்வர்டு பொருளாதாரப் பேராசிரியர்கள். ஒரு நாட்டின் கடன் ஜிடிபி-யில் 90 பெர்சன்ட்டைத் தாண்டினா வளர்ச்சி படுத்துடும் என்று 2010-ல் ஒரு கட்டுரை போட்டாங்க. பல நாட்டு அரசியல்வாதிகள் அதைக் காட்டிச் செலவைக் குறைக்கச் சொன்னாங்க. 2013-ல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மாணவர் தாமஸ் ஹெர்ன்டன் அவங்ககிட்டயே எக்ஸெல் ஃபைலை வாங்கிப் பார்த்தார். சராசரி எடுக்கிற ஃபார்முலா 49-வது வரி வரைக்கும் போகணும், 44-வது வரியிலேயே நின்னுடுச்சு. ஆஸ்திரேலியா, ஆஸ்திரியா, பெல்ஜியம், கனடா, டென்மார்க் என்று ஐந்து நாடு கணக்கிலேயே வரல. கட்டுரையில் வேறு குறைகளும் இருந்தன, ஆனா ஊர் முழுக்கப் பேசினது இந்த ஐந்து வரியைத்தான்.

இது நம்ம ஷீட்டில் தினமும் நடக்கிற விஷயம். சம் ஃபங்ஷன் பி2-லிருந்து பி30 வரை போட்டிருப்போம். 31-வது வரியில் புதுச் செலவு எழுதுவோம், கூட்டலில் சேராது. இதுக்கு எளிய மருந்து டேபிள். எக்ஸெல்லில் டேட்டாவுக்குள் ஒரு செல்லில் நின்னுக்கிட்டு கன்ட்ரோலோடு டேபிளின் முதல் எழுத்தை அழுத்துங்க. அதுக்குப் பிறகு கீழே எத்தனை வரி சேர்த்தாலும் ஃபார்முலா தானா நீளும்.

தூத்துக்குடியைத் தலைமையிடமா வைத்து 1921-ல் நாடார் வங்கியாத் தொடங்கினதுதான் இன்றைய தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி. 2023 செப்டம்பரில் சென்னையில் ஒரு டாக்ஸி டிரைவர் கணக்கில் இந்த வங்கியிலிருந்து தவறுதலா 9,000 கோடி ரூபாய் வரவு வைக்கப்பட்டது. கணக்கில் அதுவரை இருந்தது 105 ரூபாய். உண்மையா என்று பார்க்க அவர் நண்பருக்கு 21,000 அனுப்பினார், போயிடுச்சு. கொஞ்ச நேரத்தில் மீதித் தொகையை வங்கி திரும்ப எடுத்துக்கிட்டது. அங்கே உள்ளே என்ன நடந்தது என்பது நம்ம பாடம் இல்ல. ஒரு எண்ணுக்கு மேல் வரம்பு இல்லாத இடத்தில் எந்த எண்ணும் நுழையும், அதுதான் நமக்கு வேண்டியது.

உங்க செலவு ஷீட்டில் தொகை காலத்தைத் தேர்ந்தெடுத்து, டேட்டா மெனுவில் டேட்டா வேலிடேஷன் போய், 1-க்கும் 50,000-க்கும் இடையில் மட்டும் ஏற்கச் சொல்லுங்க. 450-க்கு ஒரு பூஜ்யம், ரெண்டு பூஜ்யம் கூட விழுந்தா தப்பிக்கலாம், 4,50,000 அடிச்சா அங்கேயே தடுத்துடும். அதே இடத்தில் செலவு வகைக்கு ட்ராப்டவுன் லிஸ்ட் வைங்க. இல்லன்னா ‘பெட்ரோல்’, ‘பெற்றோல்’, ‘பெட்ரோல் ’ (கடைசியில் ஒரு ஸ்பேஸ்) என்று மூணு வகை உருவாகி, சம்-இஃப்ஸ் போட்டா ஒண்ணுக்கு மட்டும்தான் கூட்டல் வரும்.

வங்கி ஸ்டேட்மென்ட்டை டவுன்லோடு செய்து ஒட்டுறவங்க தேதியைக் கட்டாயம் பாருங்க. சிஸ்டம் அமெரிக்க செட்டிங்கில் இருந்தா 05/06/2025 என்பதை மே 6 என்று எடுத்துக்கும், நமக்கு அது ஜூன் 5. 13/06/2025 வந்தா பதிமூணாவது மாசம் கிடையாது, அதனால அதைத் தேதியாவே ஏற்காம வெறும் எழுத்தா விட்டுடும். கண்டுபிடிக்க வழி சுலபம். எழுத்து செல்லின் இடது பக்கம் ஒட்டும், எண்ணும் தேதியும் வலது பக்கம் ஒட்டும். ஒரே காலத்தில் பாதி இடம், பாதி வலம் என்று இருந்தா, மாசம் மாறிக் கிடக்குன்னு புரிஞ்சுக்கோங்க. கூகுள் ஷீட்ஸில் ஃபைல் மெனுவின் செட்டிங்ஸில் லொகேலை இந்தியா ஆக்கிட்டு அப்புறம் ஒட்டுங்க. எக்ஸெல்லில் ‘டெக்ஸ்ட் டு காலம்ஸ்’ போய் நாள், மாசம், வருஷம் என்ற வரிசையைத் தேர்ந்தெடுங்க. இடது பக்கம் ஒட்டின தொகையும் இப்படித்தான்: கண்ணுக்கு 1,250 என்று தெரியும், சம் அதை பூஜ்யமாத்தான் கூட்டும். கணக்கு எண்ணை மட்டும் வேணும்னே டெக்ஸ்ட்டா வைங்க. எக்ஸெல் ஒரு எண்ணில் 15 இலக்கம்தான் வைத்துக்கொள்ளும், 16-வது இலக்கத்தை பூஜ்யம் ஆக்கிடும். முன்னாடி இருக்கிற பூஜ்யங்களையும் தின்னுடும்.

இது எல்லாத்துக்கும் மேல ஒரு செல் இருக்கு. நம்ம ஊர் அண்ணாச்சி கடையில் ராத்திரி ஷட்டரை இறக்குறதுக்கு முன்னாடி கல்லாவை எண்ணி நோட்டோடு ஒத்துப் பார்ப்பாங்க இல்லையா, அதேதான். மாச ஆரம்ப இருப்பு, கூட்டல் வரவு, கழித்தல் செலவு, கழித்தல் மாசக் கடைசி இருப்பு. பதில் பூஜ்யமா இருக்கணும். அதை ரவுண்ட் ஃபங்ஷனுக்குள் போட்டு இரண்டு டெசிமலுக்குச் சுருக்குங்க, இல்லன்னா பைசா கணக்கில் 0.0000001 மாதிரி எதையாவது காட்டிப் பயமுறுத்தும். பூஜ்யம் இல்லன்னா செல் சிவப்பாகணும் என்று கண்டிஷனல் ஃபார்மேட்டிங் வைங்க. இந்த ஒரு செல் இல்லாத ஷீட்டில் எத்தனை அழகான சார்ட் இருந்தாலும் நான் நம்ப மாட்டேன்.

மொய் நோட்டும் ஸ்ரீவைகுண்டமும்

சம்பளக்காரங்க பட்ஜெட்டை ஆவணியிலும் தையிலும் உடைக்கிற செலவு மொய். வீட்டில் பழைய மொய் நோட்டு இருக்கும். அதை ஷீட்டில் ஏத்தினா, ஒரு பத்திரிகை வந்தவுடனே அவங்க நமக்கு எவ்வளவு செய்தாங்கன்னு ஃபோன்லயே பார்த்துக்கலாம். வருஷத்துக்கு எவ்வளவு திரும்பச் செய்ய வேண்டி இருக்கும் என்றும் ஒரு அளவு தெரியும்.

இதுக்கு எல்லாரும் வி-லுக்கப் போடுவாங்க. அதில் நாலாவது இடத்தில் ஃபால்ஸ் அல்லது 0 போடலன்னா, சரியான பெயர் கிடைக்காதப்போ ‘கிட்டத்தட்ட’ பொருந்துகிற பெயரின் தொகையைக் கொடுத்துடும். எரர் வராது. 1,001 செய்தவருக்கு நீங்க 5,001 கொண்டு போவீங்க. அது பரவாயில்ல. தலைகீழா நடந்தா அந்த வீட்டில் பத்து வருஷத்துக்குப் பேச்சு ஓடும். புது எக்ஸெல்லிலும் கூகுள் ஷீட்ஸிலும் எக்ஸ்-லுக்கப் இருக்கு, அது தானாவே சரியான பொருத்தத்தை மட்டும் தேடும்.

அப்பவும் ஒரு சிக்கல் மிச்சம். திருச்செந்தூர்ப் பக்கம் ‘செந்தில்’ என்று கூப்பிட்டா தெருவில் நாலு பேர் திரும்பிப் பார்ப்பாங்க. லுக்கப் எப்பவும் முதல் செந்திலை எடுத்துட்டு வேலை முடிஞ்சதுன்னு நின்னுடும். மொய் எழுதுறவங்க ஊர், அப்பா பெயர், ஆள் பெயர் என்று சேர்த்து எழுதுறது இதுக்குத்தான். ஷீட்டிலும் மூணுக்கும் தனித் தனிக் காலம் வைங்க. சம்-இஃப்ஸில் பெயர், அப்பா பெயர், ஊர் மூணையும் நிபந்தனையா கொடுங்க. வந்த மொய், போன மொய் என்று இன்னொரு காலம் வைத்தா நிலுவையும் தெரியும்.

தமிழில் டைப் செய்றவங்களுக்கு மட்டும் வருகிற ஒரு வம்பும் உண்டு. ‘ஸ்ரீவைகுண்டம்’ என்று நீங்க ஒரு கீபோர்டிலும் தங்கச்சி வேறு கீபோர்டிலும் அடிச்சா, திரையில் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். ஷீட்டுக்கு அவை இரண்டு வேறு ஊர். யூனிகோடில் ‘ஸ்ரீ’ எழுத இரண்டு வழி இருக்கு, ஒண்ணு ‘ஸ’ எழுத்தில் தொடங்குவது, இன்னொண்ணு ‘ஶ’ எழுத்தில் தொடங்குவது. கொம்பும் காலும் சேர்ந்த ‘கொ’, ‘கோ’ மாதிரி எழுத்துகளையும் ஒரே குறியாகவோ இரண்டு துண்டாகவோ சேமிக்க முடியும். சந்தேகம் வந்தா எல்-இ-என் என்ற ஃபங்ஷனில் இரண்டு செல்லையும் போட்டு எழுத்து எண்ணிக்கையைப் பாருங்க, துண்டா அடிச்சிருந்தா எண்ணிக்கை மாறும். ‘ஸ்ரீ’ விஷயத்தில் எண்ணிக்கை ஒண்ணாவே இருக்கும், அங்கே இரண்டு செல்லுக்கும் நடுவில் சமக்குறி போட்டுப் பாருங்க, ஃபால்ஸ் என்று வரும். இதுக்கும் மருந்து ட்ராப்டவுன்தான். ஊர்ப் பட்டியலை ஒரே ஒரு தடவை அடிச்சு வைங்க, அதுக்கப்புறம் யாரும் ஊர் பெயரை அடிக்கக் கூடாது, தேர்ந்தெடுக்கணும்.

மொய் ஷீட்டை வீட்டில் எல்லாரும் பார்க்கிற மாதிரி ஷேர் செய்வீங்க. அப்போ ‘லிங்க் உள்ள எவரும்’ என்பதைத் தேர்ந்தெடுக்காதீங்க, ஒவ்வொருத்தர் மெயிலையும் தனித்தனியாச் சேருங்க. குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்ட லிங்க் எந்தெந்த குரூப்புக்குப் போகும்னு யாருக்கும் தெரியாது. சம்பளமும் கடனும் இருக்கிற ஷீட்டை மொய் ஷீட்டோடு ஒரே ஃபைலில் வைக்காதீங்க. டேபை மறைச்சு வைத்தா போதும்னு நினைக்க வேண்டாம், எடிட் செய்யும் அனுமதி இருக்கிற யாரும் அதைத் திறந்துடலாம். எக்ஸெல் ஃபைலைத் திறக்கப் பாஸ்வேர்டு வைக்கிறவங்க அதை வேற எங்கேயாவது எழுதி வைங்க, மறந்துட்டா மீட்டுத்தர மைக்ரோசாஃப்ட்டிடம் வழி கிடையாது.